நாசரேத்து இயேசு: வரலாறு உறுதியாகச் சொல்வதும் சொல்ல இயலாததும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இந்தப் பக்கம் இயேசுவின் தெய்வத்தன்மையைப் பற்றியது அன்று. முதல் நூற்றாண்டில், இன்றைய இஸ்ரேலின் வடபகுதியான கலிலேயாவில் வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றி, மற்ற பழங்கால மனிதர்களை ஆராயும் அதே முறைகளைக் கொண்டு எதைத் துணிந்து சொல்லலாம், எதைத் தயங்கிச் சொல்லலாம், எதைச் சொல்லவே முடியாது என்பதைப் பற்றியது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தப் பொருளில் பெரும்பாலான சண்டைகள் எழுகின்றன என்று கருதுகிறேன். பிறந்த ஆண்டு தெரியவில்லை என்பதால் அவர் பிறக்கவே இல்லை என்று ஒருவர் முடிவு கட்டுகிறார். சிலுவையில் அறையப்பட்டது உறுதி என்பதால் குழந்தைப் பருவச் செய்திகளும் அதே அளவுக்கு உறுதி என்று இன்னொருவர் முடிவு கட்டுகிறார். இரண்டுமே பிழை.

இயேசு என்று ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தாரா?

வாழ்ந்தார். பண்டைய வரலாற்றையும் புதிய ஏற்பாட்டையும் முறையாக ஆராய்பவர்களில் மிகப் பெரும்பான்மையோர், கிறிஸ்தவர்களும் யூதர்களும் எந்த மதத்தையும் சாராதவர்களும், இதில் ஒத்த கருத்து உடையவர்கள்.

அதற்கு முதற்காரணம் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நற்செய்தி நூல்கள் அல்ல. அவற்றுக்கு முன்பே, தொடக்கக் காலச் சபைகளை வழிநடத்திய பவுல் என்ற போதகர் எழுதிய கடிதங்கள். புதிய ஏற்பாட்டில் பவுலின் பெயரால் 13 கடிதங்கள் உள்ளன. அவற்றில் ரோமர், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டு, கலாத்தியர், பிலிப்பியர், முதலாம் தெசலோனிக்கேயர், பிலேமோன் ஆகிய 7 கடிதங்கள் அவருடையவையே என்பதில் அறிஞர்களிடையே ஏறக்குறைய ஐயமே இல்லை. இவை கி.பி. 50-களை ஒட்டி, அதாவது இயேசு இறந்து ஏறத்தாழ 20 முதல் 30 ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டவை.

கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் முதல் அதிகாரத்தை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். பவுல் அங்கே கோபமாக இருக்கிறார். தம்முடைய போதனை எருசலேமில் இருக்கும் மூத்த சீடர்களிடமிருந்து பெற்றது அன்று என்று நிலைநாட்டுவதே அவர் நோக்கம். ஆகவே அவர்களோடு தமக்கு இருந்த தொடர்பை எவ்வளவு குறைத்துக் காட்ட முடியுமோ அவ்வளவு குறைத்துக் காட்டுகிறார். மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் எருசலேமுக்குப் போனேன், கேபாவோடு, அதாவது பேதுருவோடு, 15 நாட்கள் தங்கினேன், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபைத் தவிர வேறு எந்த அப்போஸ்தலரையும் பார்க்கவில்லை என்கிறார். எழுதுவது பொய் அன்று என்று கடவுளைச் சாட்சிக்கு அழைக்கிறார். இயேசு வாழ்ந்தார் என்று மெய்ப்பிப்பதற்காக அவர் இதை எழுதவில்லை; அப்படி ஒரு கேள்வியே அவர் மனத்தில் இல்லை. வேறொரு வழக்கின் நடுவே தற்செயலாக வந்து விழுந்த தகவல் இது. அதனால்தான் வரலாற்றாசிரியர்கள் இதற்கு இவ்வளவு எடை கொடுக்கிறார்கள். ஒருவருடைய சகோதரரை நேரில் சந்தித்தவரின் சொற்கள் நம்மிடம் இருக்கும்போது, அந்த ஒருவர் கற்பனைப் பாத்திரம் என்று வாதிடுவது மிகவும் கடினம்.

அப்படியானால், அவர் வாழவே இல்லை என்று சொல்வோர் எதைக் காட்டுகிறார்கள்?

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் தலைகாட்டிய இந்த வாதம், 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரான புரூனோ பவர் வழியாகவும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்த்தர் டிரூஸ் வழியாகவும் பரவலாக அறியப்பட்டது. இதன் வலுவான பகுதி பவுலின் மௌனத்தைப் பற்றியது. இயேசு சொன்ன உவமைகள், செய்த அற்புதங்கள், மரியாளின் பெயர், கலிலேயா என்ற பகுதியின் பெயர் எதுவும் பவுலின் கடிதங்களில் இல்லை. இது உண்மையான புதிர்தான். இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் பவுல் முழு மௌனமாகவும் இல்லை. இயேசு ஒரு பெண்ணிடம் பிறந்தார், தாவீதின் வழிவந்தவர், அவருக்குச் சகோதரர்கள் உண்டு, மணவிலக்கைக் கண்டித்தார், காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார், சிலுவையில் மாண்டார் என்பவை எல்லாம் அக்கடிதங்களில் இருக்கின்றன. அவை சபைகளில் எழுந்த சச்சரவுகளைத் தீர்க்க எழுதப்பட்டவை. வாழ்க்கை வரலாறு சொல்ல எழுதப்பட்டவை அல்ல.

ஒசைரிஸ், அடோனிஸ் போன்று இறந்து எழும் தெய்வங்களின் கதையைத் தழுவியே இயேசு படைக்கப்பட்டார் என்ற மற்றொரு வாதம் எனக்கு வலுவற்றதாகவே தோன்றுகிறது. முதல் சீடர்கள் யூதர்கள். அவர்கள் எதிர்பார்த்த மேசியா, அதாவது கடவுள் அனுப்பும் மீட்பர், வெற்றி பெற வேண்டியவர். ரோமரின் கையில் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய சாவைச் சாக வேண்டியவர் அல்லர். சிலுவையில் அறையப்பட்ட மேசியா என்ற செய்தி யூதர்களுக்கு இடறலாக இருக்கிறது என்று பவுலே ஒப்புக்கொள்கிறார். கற்பனையாக ஒரு மேசியாவைப் படைக்க உட்கார்ந்தவர்கள், தங்கள் மக்களே ஏற்க மறுக்கும் இப்படியொரு முடிவை அவருக்கு எழுதியிருக்க மாட்டார்கள்.

கிறிஸ்தவரல்லாத பழைய ஆசிரியர்கள் யாராவது அவரைக் குறிப்பிடுகிறார்களா?

குறிப்பிடுகிறார்கள், ஆனால் அக்குறிப்புகள் எவ்வளவு தாங்கும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதன்மையானவர் ஜொசீபஸ். கி.பி. 37-இல் எருசலேமில் பிறந்த யூதர். யூதர்களின் பழமை குறித்து 20 பகுதிகள் கொண்ட பெருநூலை ரோமில் இருந்தபடி கிரேக்கத்தில் எழுதி, 93 அல்லது 94-இல் முடித்தார். அதில் இரண்டு இடங்களில் இயேசு வருகிறார். 20-ஆம் பகுதியில், ரோம ஆளுநர் ஒருவர் இறந்து அடுத்தவர் வந்து சேர்வதற்கு இடைப்பட்ட வேளையில், கி.பி. 62-இல், தலைமைக் குரு அன்னாஸ் அவசரமாக ஒரு மன்றத்தைக் கூட்டிச் சிலரைக் கல்லெறிந்து கொல்லத் தீர்ப்பளித்ததைச் சொல்லுகிறார். இந்த அன்னாஸ், நற்செய்தி நூல்களில் வரும் அன்னாவின் மகன். கொல்லப்பட்டவர்களில் ஒருவரை அடையாளம் காட்டும்போது, கிறிஸ்து எனப்படும் இயேசுவின் சகோதரர், யாக்கோபு என்ற பெயருடையவர் என்று போகிற போக்கில் எழுதுகிறார். கலாத்தியர் கடிதத்தில் பவுல் சந்தித்த அதே யாக்கோபு இவர்.

18-ஆம் பகுதியில் உள்ள பத்தி சிக்கலானது. இப்போது நம் கையில் இருக்கும் வடிவில் அது இயேசுவை “அவரே கிறிஸ்து” என்று அறிவிக்கிறது. மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்றும் கூறுகிறது. கடைசிவரை யூதராகவே வாழ்ந்த ஒருவர் இப்படி எழுதியிருக்க முடியாது. 3-ஆம் நூற்றாண்டில் ஜொசீபஸைப் படித்த ஒரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞரே, அவர் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று எழுதியிருக்கிறார். ஆகவே பிற்காலக் கிறிஸ்தவப் படியெடுப்பாளர் ஒருவரின் கை இந்தப் பத்தியில் புகுந்திருக்கிறது என்பது ஏறக்குறைய அனைவரும் ஏற்கும் முடிவு. முழுப் பத்தியும் இடைச்செருகலா, அல்லது ஜொசீபஸ் எழுதிய சுருக்கமான குறிப்பின் மேல் சில வாக்கியங்கள் ஏற்றப்பட்டனவா என்பதில்தான் கருத்து வேறுபாடு. பின்னதையே பெரும்பாலோர் ஏற்கிறார்கள். நான் எடை போட்டால், சர்ச்சை மிகுந்த நீண்ட பத்தியைவிட, யாக்கோபைப் பற்றிய அந்த ஒற்றை வரிக்கே கூடுதல் மதிப்புத் தருவேன்.

ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், ஏறத்தாழ கி.பி. 116-இல் எழுதியபோது, 64-இல் ரோம் நகரம் தீப்பற்றியதையும் நீரோ அந்தப் பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் சுமத்தியதையும் விவரித்துவிட்டு, அந்தப் பெயருக்குக் காரணமான கிறிஸ்து என்பவர் பேரரசர் திபேரியு ஆட்சியில் பொந்தியு பிலாத்துவால் கொல்லப்பட்டார் என்கிறார். கிறிஸ்தவர்களை வெறுத்தவர் எழுதியது என்பதால் இதை இடைச்செருகல் என்று ஒதுக்க இடமில்லை. ஆனால் அவர் இந்தத் தகவலை அரசு ஆவணத்திலிருந்து எடுத்தாரா, அன்று ரோமில் கிறிஸ்தவர்கள் சொல்லிவந்ததைக் கேட்டு எழுதினாரா என்பதைத் தீர்மானிக்க வழியில்லை. ஏறத்தாழ 112-இல் பிளினி என்ற ஆளுநர் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம், கிறிஸ்தவர்கள் விடியலுக்கு முன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடியதைச் சொல்கிறது. அது கிறிஸ்தவர்களுக்குச் சான்றே தவிர, இயேசுவின் வாழ்க்கைக்கு நேரடிச் சான்று அன்று.

அவர் வாழ்ந்த நாளிலேயே எழுதப்பட்ட ஒரு குறிப்புகூட ஏன் இல்லை?

அந்தக் காலத்தில் அந்தப் பகுதியில் வாழ்ந்த எவருக்குமே அப்படிப்பட்ட குறிப்பு கிடைப்பது அரிது. பிலாத்துவையே எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோம அதிகாரி அவர். அவருடைய பெயர் பொறித்த கல் 1961-இல்தான் செசரியாவில் கிடைத்தது. அதுவும் அங்கிருந்த பழைய அரங்கத்தில் படிக்கல்லாகத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. பாதி எழுத்து சிதைந்த அந்தக் கல்லில் அவருடைய பதவிப் பெயரும் தெரிந்தது: டாசிட்டஸ் குறிப்பிட்ட பதவி அன்று, படைத்தலைமையோடு கூடிய வேறொரு பதவி. ஒரு மாகாணத்தை 10 ஆண்டுகள் ஆண்டவருக்கே இதுதான் நிலை என்றால், சிற்றூர் ஒன்றில் பிறந்து மீனவர்களோடு நடந்து திரிந்த ஒரு போதகருக்கு அவர் காலத்துக் கல்வெட்டை எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது.

நான்கு நற்செய்தி நூல்களையும் எழுதியவர்கள் யார்?

உறுதியாகத் தெரியாது. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற பெயர்கள் நூல்களுக்குள் ஆசிரியர் பெயராகச் சொல்லப்படவில்லை; தலைப்பாகப் பின்னர் சேர்ந்தவை. நான்கையும் இந்தப் பெயர்களோடு தெளிவாகச் சுட்டுபவர் ஏறத்தாழ 180-இல் எழுதிய இரேனியு என்ற கிறிஸ்தவ ஆயர். மாற்கு நூல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட கி.பி. 70-ஐ ஒட்டியும், மத்தேயுவும் லூக்காவும் அதற்கு 10, 20 ஆண்டுகள் கழித்தும், யோவான் நூற்றாண்டின் இறுதியிலும் எழுதப்பட்டன என்பது பெரும்பான்மைக் கருத்து. லூக்கா தம் முன்னுரையிலேயே, கண்ணால் கண்டவர்கள் ஒப்புவித்ததை வைத்துத் தமக்கு முன் பலர் எழுதியிருக்கிறார்கள் என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறார். தாம் கண்டதாகச் சொல்லவில்லை.

மாற்கில் உள்ள ஏறத்தாழ 660 வசனங்களில் பெரும்பகுதி மத்தேயுவிலும், பாதிக்கு மேல் லூக்காவிலும், பல இடங்களில் சொல்லுக்குச் சொல் அப்படியே வருகிறது. ஆகவே மூன்று நூல்களும் ஒன்றையே சொல்கின்றன என்பதால் மூன்று சாட்சிகள் கிடைத்துவிட்டதாகக் கணக்கிட முடியாது. ஒரே சாட்சியத்தின் மூன்று படிகளாக அது இருக்கலாம்.

மூல ஏடுகள் எதுவும் இன்று இல்லை. நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது என்று பலர் கருதும் துண்டு, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உள்ள ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. எகிப்திலிருந்து வந்த பப்பைரஸ், அதாவது நாணல் தாளின் துண்டு. உயரம் 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அகலம் 6 சென்டிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்த நூற்றாண்டின் முற்பகுதியா பிற்பகுதியா என்பதில் வாதம் உண்டு. இருபுறமும் யோவான் 18-ஆம் அதிகாரம், இயேசு பிலாத்துவின் முன் நிற்கும் பகுதி. பின்புறத்தில் ஒரு வரி “அவரிடம் சொல்கிறான்” என்று முடிகிறது. அடுத்த வரியில் வர வேண்டியது பிலாத்துவின் புகழ்பெற்ற கேள்வி, உண்மை என்பது என்ன என்பது. அந்தக் கேள்வி இருந்த இடம் கிழிந்து போய்விட்டது; வரியின் கடைசி இரு சொற்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

அவர் எப்போது, எங்கே பிறந்தார்?

ஆண்டும் தெரியாது, நாளும் தெரியாது. ஏரோது மன்னன் காலத்தில் பிறந்தார் என்கிறது மத்தேயு. அந்த ஏரோது இறந்தது கி.மு. 4-இல் என்பது பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. சீரியாவில் சிரேனியு ஆளுநராக இருந்தபோது எடுக்கப்பட்ட குடிமதிப்பின் காலத்தில் பிறந்தார் என்கிறது லூக்கா. அந்தக் குடிமதிப்பு, ஏரோதின் மகன் அர்கெலாயு பதவி இழந்து யூதேயா நேரடி ரோம ஆட்சிக்குள் வந்த கி.பி. 6-இல் நடந்தது என்று ஜொசீபஸ் வழியாக அறிகிறோம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 10 ஆண்டு இடைவெளி. சிரேனியு அதற்கு முன்பே ஒருமுறை ஆளுநராக இருந்திருக்கலாம், லூக்காவின் கிரேக்க வாக்கியத்தை வேறுவிதமாகப் படிக்கலாம் என்றெல்லாம் பலர் இதை இணைக்க முயன்றிருக்கிறார்கள். அவற்றில் எதுவும் பொதுவாக ஏற்கப்படவில்லை. லூக்காவும் தம் முதல் அதிகாரத்தை ஏரோதின் நாட்களில்தான் தொடங்குகிறார் என்பதால், கி.மு. 6-க்கும் கி.மு. 4-க்கும் இடையில் பிறந்தார் என்பதே பரவலான மதிப்பீடு.

கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே கிறிஸ்து பிறந்தாரா என்று மாணவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பது உண்டு. நியாயமான கேள்விதான். நாம் பயன்படுத்தும் ஆண்டுக் கணக்கை வகுத்தவர் டயோனிசியஸ் எக்ஸிகுவஸ் என்ற துறவி, காலம் கி.பி. 525. ஐந்து நூற்றாண்டுகள் தள்ளி உட்கார்ந்து அவர் போட்ட கணக்கு சில ஆண்டுகள் பிசகிவிட்டது. டிசம்பர் 25 என்ற நாளும் நற்செய்தி நூல்களில் இல்லை. 4-ஆம் நூற்றாண்டு ரோமில்தான் அந்த நாள் நமக்குத் தெளிவாகத் தென்படுகிறது.

பெத்லகேம் பற்றியும் ஐயம் உண்டு. மத்தேயுவும் லூக்காவும் அந்த ஊரைச் சொல்கிறார்கள், ஆனால் வேறு வேறு வழியில். மத்தேயுவில் அந்தக் குடும்பம் பெத்லகேமில்தான் இருக்கிறது. எகிப்துக்கு ஓடித் திரும்பிய பிறகே நாசரேத்துக்குக் குடிபெயர்கிறது. லூக்காவில் நாசரேத்தே சொந்த ஊர். குடிமதிப்புக்காக மட்டும் பெத்லகேம் போகிறார்கள். யோசேப்பின் தந்தை பெயர்கூட ஒன்றில் யாக்கோபு, மற்றொன்றில் ஏலி. மாற்கும் யோவானும் பிறப்பைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. தாவீதின் ஊரில் மேசியா பிறக்க வேண்டும் என்ற மீகா தீர்க்கதரிசியின் வாக்கே இந்த இரு செய்திகளுக்கும் ஊற்று என்று பல ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். நிச்சயமாக அப்படித்தான் என்று சொல்லவும் சான்று போதாது.

நாசரேத்து என்ற ஊரே அப்போது இல்லை என்கிறார்களே?

பழைய ஏற்பாட்டிலும் ஜொசீபஸிலும் அந்தப் பெயர் இல்லை என்பது உண்மை. ஆனால் அகழாய்வில் அந்தக் காலத்துக் கல்லறைகளும் சேமிப்புக் குழிகளும் கிடைத்திருக்கின்றன. 2009-இல் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எளிய வீடு ஒன்றின் எச்சங்களும் வெளிப்பட்டன. சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த குக்கிராமம் என்பதால் எவரும் பெயர் சொல்லி எழுதவில்லை. மேசியாவுக்குக் கற்பனையாக ஊர் தேடுகிறவர்கள் இப்படிப் பெயர் தெரியாத ஊரைத் தேர்ந்தெடுக்கவும் மாட்டார்கள்.

அவர் உண்மையில் தச்சரா? அவருடைய பெயர் என்ன, பேசிய மொழி எது?

மாற்கு நூலில் ஊர்க்காரர்கள் அவரைக் குறித்துக் கேட்கும் கேள்வியில் வரும் கிரேக்கச் சொல் “டெக்டோன்”. தமிழ் வேதாகமம் அதைத் தச்சன் என்று மொழிபெயர்த்தது, பொருத்தமான சொல்தான். ஆனால் மூலச்சொல் மரவேலை செய்பவரை மட்டுமன்றி வீடு கட்டும் கைவினைஞரையும் குறிக்கும். கல்லால் வீடு கட்டும் கலிலேயாவில், நாம் தச்சர் என்றும் கொத்தர் என்றும் பிரித்துச் சொல்லும் இரு வேலைகளையும் ஒருவரே பார்த்திருக்கலாம். இதே காட்சியை எழுதும் மத்தேயு, தச்சன் என்பதைத் தச்சனுடைய மகன் என்று மாற்றிவிடுகிறார்.

அவர் பேசியது அரமாயிக் மொழி. தலீத்தாகூமி, எப்பத்தா, எலோயீ எலோயீ லாமா சபக்தானி என்று தமிழ் வேதாகமத்தில் பெயர்க்காமல் விடப்பட்டிருக்கும் சொற்கள் அந்த மொழியின் ஒலிகள். மற்ற போதனைகள் எல்லாம் கிரேக்கத்தில்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆகவே மலைப்பிரசங்கத்தின் எந்தச் சொல்லையும் அவர் வாயிலிருந்து வந்த அதே சொல் என்று கூற இயலாது. பெயர் யேசுவா, யோசுவா என்பதன் சுருக்க வடிவம், அன்று யூதர்களிடையே சாதாரணமாகப் புழங்கிய பெயர். கிரேக்கத்தில் அது இயேசூஸ் ஆனது. தமிழில் இயேசு என்றும், கத்தோலிக்கரின் பழைய வழக்கில் சேசு என்றும் வழங்குவது அதே பெயரின் வெவ்வேறு பயணங்கள்.

அவருக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தார்களா?

மாற்கு நூல் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று நான்கு பெயர்களையும், பெயர் சொல்லாமல் சகோதரிகளையும் குறிப்பிடுகிறது. இவர்களை மரியாளின் பிள்ளைகள் என்று புரொட்டஸ்தாந்தரில் பெரும்பாலோரும், யோசேப்பின் முந்தைய மணத்துப் பிள்ளைகள் என்று கிழக்கத்தியத் திருச்சபைகளும், ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று கத்தோலிக்க மரபும் விளக்குகின்றன. கிரேக்கச் சொல்லின் இயல்பான பொருள் உடன்பிறந்தவர் என்பதே.

ஐயத்துக்கு இடமில்லாத நிகழ்ச்சிகள் எவை?

திருமுழுக்கு யோவானிடம் (நற்செய்தி நூலின் பெயரில் வரும் யோவான் அல்லர்) திருமுழுக்குப் பெற்றதும் பிலாத்துவின் ஆணையால் சிலுவையில் மாண்டதும். இவ்விரண்டையும் ஏறக்குறைய எல்லா ஆய்வாளர்களும் ஏற்கிறார்கள்.

திருமுழுக்கு எப்படி உறுதியாகிறது என்பதைக் காண நான்கு நூல்களையும் அருகருகே திறந்து வைத்துப் பார்க்க வேண்டும். பாவமன்னிப்புக்கான திருமுழுக்கு அது. பாவமற்றவர் என்று சபை நம்பிய ஒருவர் அதை ஏன் பெற்றார் என்ற சங்கடம் எழுதியவர்களை உறுத்தியிருக்கிறது. மாற்கு தயக்கமின்றி, இயேசு வந்தார், யோவானால் திருமுழுக்குப் பெற்றார் என்று எழுதுகிறார். மத்தேயுவில் யோவான் தடுக்கிறார். நான் அல்லவா உம்மிடம் பெற வேண்டும் என்கிறார். லூக்கா முதலில் யோவானைச் சிறையில் அடைத்த செய்தியைச் சொல்லிவிட்டு, பிறகு இயேசு திருமுழுக்குப் பெற்றதை, கொடுத்தவர் யார் என்று சொல்லாமலே கடந்து போகிறார். யோவான் நூலில் ஆவி புறாவைப் போல இறங்கியது உண்டு, திருமுழுக்கு நிகழ்ந்ததாக ஒரு வரியும் இல்லை. சொல்ல விரும்பாத ஒன்றை மறைக்கவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் ஒரு தலைமுறை திணறுவதை இந்த நான்கு பக்கங்களில் கண்ணால் பார்க்கலாம். யாரும் இட்டுக்கட்டிய செய்தி இப்படித் திணற வைக்காது.

அவர் இறந்த நாள் தெரியுமா?

வெள்ளிக்கிழமை என்பதில் நான்கு நூல்களும் ஒத்துப்போகின்றன. பஸ்கா பண்டிகையை ஒட்டி என்பதிலும் அப்படியே. ஆனால் முதல் மூன்று நூல்களின்படி கடைசி இராவிருந்தே பஸ்கா விருந்து, எனவே சாவு யூத நாட்காட்டியின் நிசான் மாதம் 15. யோவானின்படி பஸ்கா ஆட்டுக்குட்டிகள் வெட்டப்படும் நாளிலேயே, நிசான் 14-இல், அவர் இறக்கிறார். பிலாத்துவின் ஆட்சிக் காலத்தையும் நிலவின் கணக்கையும் வைத்துப் பார்க்கையில் கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3 என்ற இரண்டு நாட்களே முன்னணியில் நிற்கின்றன.

சிலுவைச் சாவின் கொடூரத்துக்கு நேரடிச் சான்று ஒன்று 1968-இல் எருசலேமின் வடபகுதியில் ஒரு கல்லறையில் கிடைத்தது. யெகோகானான் என்று பெயர் பொறித்த எலும்புப் பெட்டிக்குள் ஒரு குதிங்கால் எலும்பு. அதன் ஊடாக இன்னும் இரும்பு ஆணி. ஆணியின் நுனி மடங்கியிருந்தது. மரத்தின் கணுவில் பட்டு மடங்கியதால் பிடுங்க முடியாமல் எலும்போடு சேர்த்தே புதைத்திருக்கிறார்கள் என்று கருதப்படுகிறது. சிலுவையில் மாண்ட ஒருவரைக் குடும்பத்தார் முறையாக அடக்கம் செய்ய முடிந்தது என்பதற்கும் அந்தப் பெட்டியே சான்று.

உயிர்த்தெழுந்ததை வரலாறு உறுதிப்படுத்துகிறதா?

இங்கே வரலாற்றாசிரியர் நின்றுவிட வேண்டும். சீடர்கள் அவரைக் கண்டதாக மிக விரைவிலேயே உறுதியாக நம்பினார்கள் என்பதைச் சொல்லலாம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரத்தில், கேபா முதல் தம் வரை கண்டவர்களைப் பவுல் வரிசையாகச் சொல்கிறார், அந்தப் பட்டியலைத் தாமும் பிறரிடம் பெற்றதாகவே சொல்கிறார். அவர்கள் கண்டது என்ன என்பதை ஆவணங்களால் தீர்க்க முடியாது. மாற்கு நூலின் மிகப் பழைய இரு முழுப் பிரதிகளில், பெண்கள் அஞ்சி ஓடி எவரிடமும் ஒன்றும் சொல்லாமல் இருந்ததோடு நூல் முடிந்துவிடுகிறது. உயிர்த்தவர் தோன்றும் கடைசி 12 வசனங்கள் அவற்றில் இல்லை.

கிறிஸ்தவத்தைத் தோற்றுவித்தவர் இயேசுவா, பவுலா?

இயேசு யூதராகப் பிறந்து யூதராகவே மாண்டார். தனி மதம் ஒன்றைத் தொடங்குவதாக அவர் அறிவித்ததற்குச் சான்று இல்லை. கிறிஸ்தவர்கள் என்ற பெயரே அவருக்குப் பின் அந்தியோகியாவில் வழங்கத் தொடங்கியது என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். யூதரல்லாதோர் விருத்தசேதனம் இல்லாமலே சேரலாம் என்று வாதாடி அந்த வாசலை அகலத் திறந்தவர் பவுல். ஆனால் பவுலையே நிறுவனர் என்பதும் பொருந்தாது. அவர் மனம் மாறுவதற்கு முன்பே அவர் துன்புறுத்துவதற்கு ஒரு சபை இருந்தது.

அவர் இந்தியாவுக்கு வந்தார் என்பது உண்மையா?

சான்று எதுவும் இல்லை. 1894-இல் நிக்கோலாய் நோட்டோவிச் என்பவர், லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் ஈசா என்பவரின் வாழ்க்கைச் சுவடியைக் கண்டதாக ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஆக்ராவில் பணியாற்றிய ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் நேரில் போய் விசாரித்தபோது, அப்படி ஒரு சுவடியே இல்லை என்று மடத் தலைவர் மறுத்துவிட்டார். ஸ்ரீநகரின் ரோசாபால் கல்லறை இயேசுவுடையது என்பது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிர்சா குலாம் அகமது முன்வைத்த கருத்து. அது அகமதியரின் சமய நம்பிக்கை. மயிலாப்பூரோடு தொடர்புடைய தோமா மரபு வேறு பொருள். அது சீடரைப் பற்றியது, இயேசுவைப் பற்றியது அன்று.

துரின் நகரத்துத் துணியும் யாக்கோபின் எலும்புப் பெட்டியும் சான்றாகுமா?

இயேசுவின் உடலைச் சுற்றியதாகப் பலர் நம்பும் அந்தத் துணியை 1988-இல் மூன்று ஆய்வகங்கள் கார்பன் முறையில் சோதித்து, 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்று அறிவித்தன. இயேசுவின் சகோதரர் யாக்கோபு என்று பொறித்த பெட்டி 2002-இல் வெளிப்பட்டது. போலியாக எழுத்தைப் பொறித்ததாக அதன் உரிமையாளர் மேல் நடந்த வழக்கில் 2012-இல் அவர் விடுவிக்கப்பட்டார், ஆனால் பொறிப்பு உண்மையானது என்று தீர்ப்புச் சொல்லவில்லை. முறையான அகழாய்வில் கிடைக்காமல் சந்தை வழியாக வந்த பொருள் என்பதால், இது உண்மையாகவே இருந்தாலும் நிரூபிப்பது அரிது.

இனிப் புதிய சான்று கிடைக்க வாய்ப்பு உண்டா?

உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்ற பழைய நகரத்தின் குப்பைமேடுகளில் 1890-களிலிருந்து தோண்டி எடுத்த பப்பைரஸ் துண்டுகள் லட்சக்கணக்கில் ஆக்ஸ்போர்டில் இருக்கின்றன. இதுவரை படித்து வெளியிட்டவை அவற்றில் சிறு பகுதியே. 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாடியில் முழுவதுமாகக் கிடைத்த, புதிய ஏற்பாட்டில் சேராத தோமா நற்செய்தியின் கிரேக்கத் துண்டுகள், அது இன்ன நூல் என்று தெரியாமலே, அரை நூற்றாண்டுக்கு முன்பு இங்கேதான் கிடைத்திருந்தன.

2012-ஐ ஒட்டி, முதல் நூற்றாண்டைச் சேர்ந்த மாற்கு நூலின் துண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்ற பேச்சு பரவியது. கண்ணால் கண்டவர்கள் உயிரோடிருந்த காலத்துப் பிரதி என்று பலர் மகிழ்ந்தார்கள். 2018-இல் அந்தத் துண்டு முறையாக வெளியிடப்பட்டபோது, 2-ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்றே அதன் எழுத்தமைதி காட்டியது. ஏமாற்றம்தான், ஆயினும் மாற்கு நூலுக்கு இன்று நம்மிடம் உள்ள மிகப் பழைய துண்டுகளில் அதுவும் ஒன்று. சில சென்டிமீட்டரே உள்ள அதன் ஒருபுறத்தில், இயேசு நாசரேத்திலிருந்து வந்து யோர்தானில் யோவானால் திருமுழுக்குப் பெறும் வரியின் சில எழுத்துகள் எஞ்சியிருக்கின்றன. மறுபுறத்தில் கலிலேயக் கடலோரம் வலை வீசிக்கொண்டிருக்கும் சீமோனும் அந்திரேயாவும்.